நவம்பரில் இறங்கியவர்: காரைக்குடியிலிருந்து பெர்லினுக்குக் குடிபோன ஒரு குடும்பம்

பின்னணி

இந்த ஆய்வில் வருவது காரைக்குடியைச் சேர்ந்த ஒரு நகரத்தார் குடும்பம். கணவர் மென்பொருள் பொறியாளர், முப்பதுகளின் நடுவில் இருப்பவர். மனைவி கானாடுகாத்தான் பக்கத்து ஊரில் பிறந்து, காரைக்குடியில் ஒரு பள்ளியில் அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். மகனுக்கு அப்போது 6 வயது. கணவரின் தாயார் காரைக்குடி வீட்டிலேயே இருக்கிறார். 2022இல் கணவருக்கு ஜெர்மனியில் பெர்லின் நகரில் வேலை கிடைத்தது. யாருடைய பெயரையும் இதில் எழுதவில்லை. மனைவியை 'ஆசிரியை' என்று குறிப்பிடுகிறேன்.

எனக்கு இதில் என்ன வேலை என்றால், அந்தத் தாயார் எங்கள் தெருக்காரர். 2022 டிசம்பரில் ஒரு நாள் வந்து, "மருமக திரும்பி வந்துர்றேங்குறா. நீங்க நாலு ஊரு இருந்து வந்தவுக, கொஞ்சம் பேசிப் பாருங்களேன்" என்றார். அப்படித்தான் நான் உள்ளே வந்தேன். அப்போது தொலைபேசியில் பேசியதோடு, 2024 ஆடியில் அவர்கள் விடுமுறைக்கு வந்திருந்தபோது கணவர், மனைவி, தாயார் மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டதையும் சேர்த்து, அவர்கள் சம்மதத்துடன் எழுதுகிறேன். ஆசிரியை அந்த நாட்களில் தன் தங்கைக்கு அனுப்பிய குரல் பதிவுகளையும் கேட்க விட்டார்கள். பின்னால் நினைவிலிருந்து சொல்வதற்கும் அந்த நேரத்திலேயே சொன்னதற்கும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது அவற்றைக் கேட்டபோதுதான் புரிந்தது.

செட்டிநாட்டில் கடல் கடந்து போவது பழைய சங்கதி. பர்மா, மலாயா, சிங்கப்பூர், இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடைத் தொழிலுக்கு, போன காலத்தில், போய் இறங்கும் இடம் முன்பே தயாராக இருக்கும். நகரத்தார் கடைகள் சேர்ந்திருக்கும் கிட்டங்கியில் படுக்க இடம், பெட்டி வைக்க இடம், ஊர்ச் சாப்பாடு, வேலை சொல்லித்தர மேலாள், அடுத்தாள் எல்லாம் உண்டு. பெட்டியடிப் பையனாக, அதாவது தொழில் பழகும் எடுபிடியாக, போனவன் புது நகரத்தைத் தனியாகச் சந்தித்ததே இல்லை. மூன்று வருடக் கணக்கு முடிந்தால் ஊர் திரும்பலாம் என்பதும் அவனுக்குத் தெரியும். பெண்கள் பெரும்பாலும் ஊரிலேயே இருந்துவிட்டதால், புது ஊரில் குடும்பம் நடத்திய அனுபவம் மட்டும் நம் பெரிய வீடுகளில் அவ்வளவாகச் சேரவில்லை. இந்தக் குடும்பத்திலேயே கணவரின் முப்பாட்டனார் ரங்கூனில் கடை வைத்திருந்தவர். வீட்டில் பர்மா தேக்குத் தூண் நிற்கிறது. ரங்கூனில் முதல் வாரம் எப்படிப் போயிற்று என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

கணவர் பார்த்த நகரம்

கணவர் 2022 ஜூன் தொடக்கத்தில் தனியாகப் போனார். காரைக்குடி நிலநடுக்கோட்டிலிருந்து 10 பாகை வடக்கே இருக்கிறது. பெர்லின் 52 பாகைக்கு மேல். நமக்கு வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். அங்கே ஜூன் கடைசியில் பகல் 17 மணி நேரத்தை நெருங்கும். டிசம்பர் கடைசியில் 8 மணி நேரம்கூட இருக்காது. கணவர் போனபோது சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆனது. வேலை முடிந்து வந்த பிறகும் ஏரிக்கரைக்குப் போய்விட்டு வெளிச்சத்திலேயே அறைக்குத் திரும்பலாம்.

அந்தக் கோடையில் இன்னொரு விசேஷமும் இருந்தது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, மாதம் 9 யூரோவுக்கு ஒரு சீட்டு எடுத்தால் ஜெர்மனி முழுவதும் நகரப் பேருந்து, சுரங்க ரயில், வட்டார ரயில் எல்லாவற்றிலும் போகலாம் என்று அரசு அறிவித்திருந்தது. அவர் ஒரு வார இறுதியைக்கூட விடவில்லை. புல்வெளியில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவது, ஆற்றங்கரையில் யாரோ வயலின் வாசிப்பது என்று தினம் ஒரு காணொளி ஊருக்கு வந்தது. "நம்ம ஊரு மாதிரி எல்லாரும் வெளியிலதான் இருக்காங்க" என்று ஒரு பதிவில் சொல்கிறார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஜூன் மாதத்து பெர்லின் அப்படித்தான் இருக்கும்.

செப்டம்பரில் வீடு தேடத் தொடங்கினார். பெர்லினில் வாடகை வீடு குதிரைக்கொம்பு. உக்ரைன் போரினால் அந்த ஆண்டு அகதிகள் ஏராளமாக வந்திருந்ததால் இன்னும் கடினமாகிவிட்டது. அக்டோபரில் வெட்டிங் பகுதியில் ஒரு வீடு அமைந்ததும் மறு யோசனை இல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். மூன்று மாத வாடகை முன்பணம். சமையலறை என்று காட்டிய அறையில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாய் மட்டும்தான் இருந்தது. அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாம் வாடகைக்கு வருபவரே வாங்கிப் பொருத்த வேண்டும். விளக்குக்குக்கூட ஒயர்தான் தொங்கியது. அங்கே இது சாதாரணம்.

இந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த சிக்கலில் பாதி அதிலிருந்து வந்தது. பெர்லினின் 19ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள் தெருவை ஒட்டி ஒரு கட்டு, நடுவில் முற்றம், பின்னால் இன்னொரு கட்டு என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். 1853ஆம் ஆண்டுக் கட்டட விதி, முற்றம் குறைந்தது 5.34 மீட்டருக்கு 5.34 மீட்டர் இருந்தால் போதும் என்றது. தீயணைப்பு வண்டி திரும்ப அவ்வளவு இடம் வேண்டும், அதற்காக. நம் வீட்டு உள்கட்டான வளவிலும் முற்றம்தான், ஆனால் வெயிலும் மழையும் காற்றும் உள்ளே வரட்டும் என்று விட்டது. இவர்களுக்குக் கிடைத்தது பின்கட்டில் இரண்டாம் மாடி. குளிர்காலத்தில் நேர் வெயில் அந்த ஜன்னலுக்கு எட்டாது. கணவர் அந்த வீட்டைப் பார்த்தது ஒரு பகல் நேரத்தில், பத்து நிமிடம்.

ஆசிரியை பார்த்த நகரம்

ஆசிரியையும் மகனும் பல்லவன் ரயிலில் சென்னை போய் விமானம் ஏறி, நவம்பர் நடுவில் பெர்லினில் இறங்கினார்கள். விசா கையில் இருந்தது, வீடும் தயார். மகனுக்குப் பள்ளி வருடம் பாதியில் போகிறதே என்ற அவசரமும் சேர்ந்துகொண்டது. தேதியைப் பற்றி யாரும் வேறு கோணத்தில் யோசிக்கவில்லை.

அவர்கள் இறங்கிய நாட்களில் மாலை நாலேகாலுக்குள் சூரியன் மறைந்துவிட்டது. பகலிலும் வானம் சாம்பல்தான். போதாக்குறைக்கு அது எரிவாயுத் தட்டுப்பாட்டுக் குளிர்காலம். ரஷ்யாவிலிருந்து வரும் எரிவாயு குறைந்துபோனதால், மின்சாரம் மிச்சம் பிடிக்க பெர்லின் நகர நிர்வாகம் ஜூலையிலேயே 200 கட்டடங்கள் அளவுக்கு அலங்கார விளக்குகளை அணைக்கத் தொடங்கியிருந்தது. அரசு அலுவலகங்களில் 19 பாகைக்கு மேல் சூடேற்றக் கூடாது என்று உத்தரவு. ரயிலிலும் பேருந்திலும் முகக்கவசம் கட்டாயம். பெர்லினில் அது 2023 பிப்ரவரி 2ஆம் தேதிதான் விலக்கப்பட்டது.

தங்கைக்கு அனுப்பிய முதல் வாரப் பதிவுகளில் ஒன்று: "இங்க யாரும் யாரு முகத்தையும் பாக்குறதில்லடி. ரயில்ல நூறு பேரு இருக்காங்க, ஒரு சத்தம் இல்ல. எழவு வீட்டுலகூட நாலு பேரு பேசுவாங்க." இதை நான் பலமுறை கேட்டேன். அவர் கவனித்தது அத்தனையும் உண்மை. ஆனால் முகம் தெரியாததற்குப் பாதிக் காரணம் முகக்கவசம், தெரு இருட்டியதற்குக் காரணம் போர், அமைதிக்குக் காரணம் அந்த ஊர் வழக்கம். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து "இவுகளுக்கு நம்மளப் பிடிக்கல" என்ற ஒரே முடிவாக அவருக்குள் இறங்கிவிட்டது. பத்தாம் நாள் பதிவிலேயே இந்த வாக்கியம் வந்துவிடுகிறது.

தாள் வேலை தனி. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்று அங்குள்ள நம் ஆட்கள் சொல்வது இதைத்தான். அந்தச் சான்று இல்லாமல் வரி எண்ணும் வராது, பள்ளி இடமும் நகராது. ஆனால் அலுவலகத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. ஒரு நாள் ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ கட்டச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. வீட்டில் டிவியே இல்லை. மோசடிக் கடிதம் என்று ஆசிரியை கிழித்துப் போட்டார். டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு வீடு கட்ட வேண்டிய கட்டணம் அது என்பது நினைவூட்டல் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது.

மகன் விஷயத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இடம் கிடைக்கச் சில வாரம் ஆனது, கிடைத்ததும் போனான். பெர்லின் தொடக்கப் பள்ளிகளில் 2019 முதல் மதியச் சாப்பாடு எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம். உருளைக்கிழங்கும் பாஸ்தாவுமாகச் சாப்பிட்டுவிட்டு வந்தான். முதல் மாதம் பள்ளியில் வாயே திறக்கவில்லை, வீட்டில் வாயை மூடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர்

ஊரிலிருந்து கொண்டுபோன சாமான்களில் மேசைக் கிரைண்டர் ஒன்று. வந்த இரண்டாவது ஞாயிறு காலை, வாரத்துக்கான இட்லி மாவை ஆட்டலாம் என்று ஆசிரியை அதைப் போட்டார். பழைய கட்டடம், மரத் தளம். முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும். மறுநாள் காலை கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கீழ் வீட்டில் தனியாக இருக்கும் 60 வயதை ஒட்டிய ஒரு பெண்மணி எழுதியது. ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் ஓட்ட வேண்டாம் என்று மூன்று வரி. கீழே பெயர், எந்த மாடி என்ற விவரம்.

ஆசிரியை அன்று முழுக்க அழுதார். வந்து கதவைத் தட்டிச் சொல்லாமல் தாளை ஒட்டிவிட்டுப் போவது, நம் வழக்கப்படி முகத்தில் அடித்த மாதிரிதான். கணவர் அலுவலகத்தில் காட்டியபோது சக ஊழியர் சொன்னது வேறு: பெயரோடு எழுதியிருக்கிறார், வீட்டு உரிமையாளரிடம் போகவில்லை, இது மரியாதையான வழி. பெர்லினில் இரவு 10 முதல் காலை 6 வரையும், ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களில் நாள் முழுக்கவும், அடுத்தவரைத் தொந்தரவு செய்யும் சத்தத்துக்குச் சட்டப்படியே தடை இருக்கிறது. ஐந்து மாதத்துக்கு மேல் அங்கே இருந்த கணவருக்கும் இது தெரியாது. அவர் மாவு ஆட்டியதில்லை.

ஆட்டுவதைச் சனிக்கிழமை பகலுக்கு மாற்றினார்கள், கிரைண்டருக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டார்கள். அப்புறம் ஆசிரியை ஒரு டப்பாவில் மாவுருண்டையும் தேன்குழலும் வைத்துக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் பெண்மணி வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே வரச் சொல்லவில்லை. நாலு நாள் கழித்து டப்பா நன்றாகக் கழுவப்பட்டு, காலியாக, கதவுக் கைப்பிடியில் ஒரு பையில் தொங்கியது. நம் பக்கம் ஏனத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம், ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். இது இரண்டாவது அடியாக விழுந்தது. நல்லெண்ணத்தோடு செய்த காரியம், 'இவுகளுக்கு நம்மளப் பிடிக்கல' என்ற அபிப்பிராயத்தை இன்னும் கெட்டிப்படுத்திவிட்டது. பலகாரம் கொடுத்தால் பழகிவிடலாம் என்று புதிதாகப் போகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் யோசனையைப் பற்றி எனக்கு அன்றிலிருந்து கொஞ்சம் சந்தேகம்தான்.

டிசம்பர்: திரும்பிவிடலாமா

டிசம்பர் நடுவில் கடுங்குளிர் வந்தது. ஆசிரியைக்குத் தூக்கம் கெட்டது. விடிய எட்டு மணி ஆனதால் எழவும் மனமில்லை. காரைக்குடிக்கு தினம் இரண்டு அழைப்பு. மாமியார் அக்கறையோடுதான் கேட்டார்: "யாரும் வந்து பேசுறாகளா? இன்னும் இல்லையா?" ஒவ்வொரு முறையும் இல்லை என்று சொல்லச் சொல்ல அது இன்னும் பெரிதாகியது என்று பின்னால் இருவருமே ஒப்புக்கொண்டார்கள்.

மாத இறுதியில் நகரத்தார் வீடுகளில் கொண்டாடும் பிள்ளையார் நோன்பு. வழக்கமாகப் பங்காளிகள் எல்லோரும் கூடி, மாவில் திரி வைத்து ஏற்றிய இழையை ஒருவர் எடுத்துக் கொடுக்க வரிசையாக நின்று வாங்கும் நாள். இவர்கள் மூன்றே பேர், மாவில் திரி வைத்து ஏற்றி எடுத்துக்கொண்டார்கள். அன்று இரவுதான் "நானும் தம்பியும் ஊருக்கு வந்துர்றோம்" என்று ஆசிரியை சொன்னார். மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தது மறுநாள்.

நான் ஆசிரியையிடம் பேசியபோது சமாதானம் எதுவும் சொல்லவில்லை. என்னென்ன பிடிக்கவில்லை என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டேன். இருட்டு, குளிர், பேச ஆள் இல்லை, வேலை இல்லை, கீழ் வீட்டுக்காரர், வீட்டில் ஒரு புழுங்கல் வாடை. கடைசியாகச் சொன்னதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இவற்றில் எவை சித்திரையில் தானாகப் போய்விடும், எவை போகாது என்று அவரையே பிரிக்கச் சொன்னேன். இருட்டும் குளிரும் போகும், மற்றவை போகாது என்றார்.

எடுத்த முடிவும் காரணமும்

மூன்று வழிகள் பேசப்பட்டன. உடனே திரும்புவது முதல் வழி. வீட்டைக் காலி செய்ய மூன்று மாத முன்னறிவிப்பு தர வேண்டும், எனவே இன்று கிளம்பினாலும் மார்ச் வரை வாடகை போகும். மகன் மறுபடி பள்ளி மாற வேண்டும். இரண்டாவது, மாமியாரை உடனே வரவழைப்பது. விருந்தினர் விசாவில் 180 நாளுக்கு 90 நாள்தான் இருக்கலாம். அந்த 90 நாளையும் ஜனவரியில் அந்த இருட்டு வீட்டில் செலவழித்தால் இரண்டு பேர் அழுவார்கள் என்று கணவர் சொன்னார். அது சரி என்றே எனக்கும் பட்டது. மூன்றாவது, மார்ச் முடியும் வரை இருப்பது, அதுவரை இருப்பதா திரும்புவதா என்ற பேச்சையே எடுக்காமல் இருப்பது.

மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். மாமியார்தான் அதற்கு வழி செய்தார். "அந்தக் காலத்துல மூணு வருசக் கணக்கு. நீ பங்குனி வரைக்கும் கணக்கு வச்சுக்க ஆத்தா. முடிஞ்சதும் வர்றேன்னா வா, நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். தேதி தெரிந்ததும் பாரம் பாதி இறங்கியது என்கிறார் ஆசிரியை. வந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்ற உறுதிதான் அதைவிடப் பெரியது என்பது என் எண்ணம். 'தோற்றுத் திரும்பினாள்' என்ற பேச்சுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.

இதோடு சில ஏற்பாடுகள். தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு, வானம் எப்படி இருந்தாலும், ஒரு மணி நேரம் வெளியே நடப்பது. மாவட்ட மக்கள் கல்விக்கூடத்தில் ஜனவரியில் ஜெர்மன் வகுப்பு. கணவரிடம் இருந்தது நீல அட்டை, பட்டம் பெற்ற வெளிநாட்டு ஊழியர்களுக்குத் தரும் வேலை அனுமதி; அதை வைத்திருப்பவரின் துணைவருக்கு அங்கே வருவதற்கு முன் மொழித் தேர்வு தேவையில்லை. அந்தச் சலுகையால்தான் ஒரு வார்த்தை தெரியாமல் வந்து இறங்க நேர்ந்தது. தூக்கம், அழுகை பற்றிக் குடும்ப மருத்துவரைப் பார்க்கக் கணவர் அழைத்துப் போனார். மருத்துவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, பகல் வெளிச்சத்தில் நடப்பதைத் தொடரச் சொன்னார். சில வாரத்தில் சரியாகாவிட்டால் திரும்ப வரச் சொன்னார். ஊருக்குத் தினமும் இரண்டு அழைப்பு என்பதை ஒன்றாகக் குறைத்தார்கள்.

அந்த வாரம் நடந்த ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். கொரோனாவினால் இரண்டு வருடம் வெடி விற்பனை தடை செய்யப்பட்டிருந்து, 2022 டிசம்பர் 31தான் மீண்டும் அனுமதித்த முதல் புத்தாண்டு இரவு. கிரைண்டர் சத்தம் ஆகாத அந்த நகரம் விடிய விடிய வெடித்தது. தீயணைப்பு வண்டிகள் மீதே வெடி எறிந்து பெரிய கலவரமாகி, நாடு முழுக்கச் செய்தியானது. "நம்ம தீபாவளி தோத்துச்சுடி" என்று தங்கைக்குப் பதிவு. நான் கேட்ட பதிவுகளில் அவர் சிரிக்கும் முதல் பதிவு அதுதான்.

சுவரில் கறுப்பு

ஜனவரி கடைசியில் படுக்கையறை அலமாரியை நகர்த்தியபோது, பின்னால் வெளிச்சுவர் முழங்கால் உயரத்துக்குக் கறுத்துப் பூஞ்சை பிடித்திருந்தது. புழுங்கல் வாடை அங்கிருந்துதான் வந்திருக்கிறது. மகனுக்கு விடாமல் இருந்த இருமலுக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமோ என்று பயந்துபோனார்கள்.

வீட்டு உரிமையாளருக்கு எழுதினால், சரியாகக் காற்றோட்டம் விடவில்லை என்று பதில் வந்தது. ஆசிரியை இதையும் முதலில் குற்றச்சாட்டாகவே எடுத்துக்கொண்டார். பிறகு அவருக்குள் இருந்த அறிவியல் ஆசிரியை விழித்துக்கொண்டார். தினம் இட்லி ஆவி, சோறு வடித்த ஆவி, குழம்பு கொதித்த ஆவி. துவைத்த துணி வீட்டுக்குள்தான் காய்கிறது. எரிவாயுக் கட்டணம் எகிறும் என்று பயந்து, ரேடியேட்டரைக் குறைத்துப் படுக்கையறையைச் சூடே படுத்தாமல் விட்டிருந்தார்கள். சூடான காற்று நிறைய ஈரத்தைத் தாங்கும். அது குளிர்ந்த சுவரில் பட்டதும் நீராகிப் படியும். சுவரை ஒட்டி அலமாரி இருந்தால் அங்கே காற்றே நகராது. கானாடுகாத்தான் பக்கத்து வீட்டில் அடுப்படி ஆவி முற்றத்து வழியாகத் தானே போய்விடும். ஜன்னலைத் திறப்பது ஒரு வேலை என்று யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. இங்கே குளிருக்குப் பயந்து ஜன்னலை மூடியே வைத்திருந்தார்கள், அல்லது மேல்பக்கம் சற்றுச் சாய்த்து வைத்திருந்தார்கள். சாய்த்து வைத்தால் சுவர்தான் குளிரும், ஈரம் வெளியே போகாது.

செய்தது இதுதான்: தினம் மூன்று நாலு முறை எல்லா ஜன்னலையும் முழுக்கத் திறந்து ஐந்து, பத்து நிமிடம் விட்டு மூடுவது. சமைக்கும்போது அடுப்படிக் கதவைச் சாத்துவது. படுக்கையறையையும் மிதமாகச் சூடாக வைப்பது. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுவது. சில யூரோவுக்கு ஒரு ஈரப்பதமானி வாங்கி வைத்தார்கள். முதல் நாள் 75 சதவீதத்துக்கு மேல் காட்டியது. இரண்டு வாரத்தில் 60க்குக் கீழே இறங்கியது. சுவரைச் சுத்தம் செய்து பூச ஆன செலவில் பாதியை, கொஞ்சம் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு, உரிமையாளர் ஏற்றார்.

ஜன்னலை எப்படித் திறக்க வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தவர் கீழ் வீட்டுப் பெண்மணி. மாடிப்படியில் பார்த்தபோது ஆசிரியை வகுப்பில் படித்த நாலு வார்த்தையை வைத்து 'சுவர், கறுப்பு' என்று சொல்ல, அவர் நேராக மேலே வந்துவிட்டார். காரியம் முடிந்ததும் காபிகூட வேண்டாம் என்று போய்விட்டார். அவர் சுபாவம் அது.

பங்குனிக்குப் பிறகு

பிப்ரவரியில் முகக்கவசம் போனது. மகன் பள்ளியில் பேசத் தொடங்கினான். பொங்கல் சமயம் பிரிட்ஸ் பகுதியில் இருக்கும் மயூரபதி முருகன் கோயிலுக்குப் போய், அங்கே ஈழத் தமிழ்க் குடும்பங்கள் சிலரோடு பழக்கமானது. 1983க்குப் பிறகு அகதியாக வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். அதில் ஒரு அக்கா, "நாங்கள் வரேக்க கோயிலும் இல்லை, கடையும் இல்லை, விசாவும் இல்லைப் பிள்ளை" என்றாராம். அதைக் கேட்டபின் தன் குறைகளைச் சொல்லக் கூச்சமாகிவிட்டது என்றார் ஆசிரியை. அடுத்தவர் பட்டது பெரிது என்பதற்காக இவர் பட்டது இல்லாமல் போகாது என்றேன்.

மார்ச் 26ஆம் தேதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். மாலை ஏழரைக்கு வெளிச்சம். பேச்சு எடுக்க வேண்டிய நாள் வந்தபோது ஆசிரியை தானாக, "ஆனி வரைக்கும் பாக்குறேன்" என்றார். பிறகு அந்தப் பேச்சு வரவில்லை.

மே மாதம் மாமியார் போனார். பெர்லினுக்கு அது மிக அழகான காலம். இரவு ஒன்பது மணிக்கு வெயில் அடிக்கிறதே என்று சாப்பிட மறுத்தார். பூங்காவில் முன்பின் தெரியாதவர்கள் சேலையைப் பார்த்துச் சிரித்தார்கள். "இந்த ஊர விட்டா அழுதுக்கிட்டு வரப் பாத்த?" என்று மருமகளைக் கேட்டாராம். ஆசிரியை சொல்லும்போது இன்னும் கோபம் தெரிகிறது. ஜூனில் போன மகன் சொன்னதையும், நவம்பரில் போன மருமகள் சொன்னதையும் கேட்டிருந்த மாமியார், மே மாதத்தில் தன் கண்ணால் பார்த்ததைத்தான் நகரம் என்று நம்பினார்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. பள்ளி ஆசிரியர் வேலைக்கு அங்கே உயர்நிலை ஜெர்மன் வேண்டும், பட்டத்துக்கும் அங்கீகாரம் வேண்டும், அது நெடுந்தூரம். 2024இல் அவர் ஒரு தொடக்கப் பள்ளியில், வகுப்பு முடிந்த பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் உதவியாளர். பேச ஆள் இல்லை என்று டிசம்பரில் சொன்னது பாதி இன்னும் உண்மைதான். இரண்டு வருடத்தில் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்ட ஜெர்மன் குடும்பம் ஒன்றே ஒன்று. 2023 நவம்பரும் அவருக்குக் கடினமாகவே போனது. ஆனால் அந்த முறை அதை ஊரின் கணக்கில் எழுதாமல் மாதத்தின் கணக்கில் எழுதினார்.

இன்னொரு முறை என்றால்

கணவர், குடும்பத்தை ஏப்ரலில்தான் அழைத்து வருவேன் என்கிறார். பின்கட்டு வீடானால் மாலையில் போய்ப் பார்ப்பேன், குப்பைப் பிரிப்பதிலிருந்து ஞாயிறு விதி வரை கட்டடத்து ஒழுங்குத் தாளை முதல் நாளே மொழிபெயர்த்து ஒட்டுவேன் என்கிறார். அக்டோபரில் வீட்டுக்கு வரும் வழியில் இருட்டுத் தெருவை ஒரு காணொளி எடுத்து அனுப்பியிருக்கலாம் என்று நான் சொன்னேன். "அனுப்பியிருந்தா வந்திருக்கவே மாட்டாண்ணே" என்றார். அதுவும் நடந்திருக்கலாம்.

ஆசிரியைக்கு ஏப்ரல் யோசனையில் உடன்பாடில்லை. ஏப்ரலில் வந்திருந்தால் நவம்பர் இன்னும் மோசமாக அடித்திருக்கும், மோசமானதை முதலில் பார்த்ததே மேல் என்கிறார். மாற்ற வேண்டியது மொழிதான். ஊரிலேயே ஆறு மாதம் படித்துவிட்டுப் போயிருந்தால் அந்தத் தாளைத் தானே படித்து, அன்றைக்கே கீழே இறங்கிப் பேசியிருப்பேன் என்பது அவர் கணக்கு. எனக்கு இருவர் பக்கமும் நியாயம் தெரிகிறது. ஆனால் 6 வயதுப் பிள்ளையோடு போகிறவர்களுக்கு வெளிச்சமான மாதத்தையே சொல்வேன்.

இப்போது எங்கள் தெருவிலிருந்தே இன்னொரு குடும்பம் ஜெர்மனிக்குக் கிளம்புகிறது, அக்டோபர் கடைசியில். தேதியைத் தள்ள முடியுமா என்று கேட்டேன். பள்ளி இடம் போய்விடும் என்றார்கள். ஆசிரியையின் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். முதல் மாதம் வாரம் ஒருமுறை பேசுவதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.